ரெண்டரை இருமல்

கவரிங் தெருவில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், எல்லாரும் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒரு கேசட்டில் ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள், கம்பியில் கோத்துக் காயப்போட்டிருந்த வளையல் எல்லாம் தங்க நிறம் போய் வெறும் செம்பாகத் தொங்கின. நடந்தது அதுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், வளையல்கள் யாரையும் கேட்டுக்கொண்டு உரியவில்லை.

தெரு சிதம்பரத்தில் இருந்தது. வீட்டுக்கு வீடு பின்கட்டில் ஒரு பட்டறை, பட்டறைக்குப் பட்டறை தொட்டிகள், ஒரு பக்கம் செம்பாக உள்ளே போவது மறுபக்கம் தங்கமாக வெளியே வரும், அங்கிருந்து பெட்டியில் ஏறி எந்தெந்த ஊரிலோ யார் யார் கழுத்திலோ போய் உட்காரும். அந்தத் தெருவில் யாரும் கவரிங்கைப் பொய் நகை என்று சொல்ல மாட்டார்கள். மூளிக் கழுத்தோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக முடியாத ஒருத்திக்கு அது எவ்வளவு உண்மை என்று அவர்களுக்குத் தெரியும்.

தமயந்தி அங்கே கோதண்டம் முதலாளியின் பட்டறையில் வேலை பார்த்தாள். பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சலித்துப்போய் கடைசியில் "பிடிக்கல" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள், உண்மையும் அதுதான். பட்டறையில் அவளுக்குக் கொடுத்தது யாருக்கும் பிடிக்காத வேலை. பழசாகி, அங்கங்கே பல்லிளித்துத் திரும்பி வரும் நகைகளுக்குப் புது முலாம் போடுவதற்கு முன்னால், மிச்சமிருக்கும் பழைய முலாமை ஆசிட்டில் முக்கிப் போக்க வேண்டும், அந்த ஆசிட் தொட்டி அவளுடையது, அவளோடு செங்கமலம் அக்காவுடையது. ரப்பர் கையுறை உண்டு, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மூக்குத்தியைப் பிடிக்க முடியாது. அதனால் இருவருக்கும் விரல் நுனி மஞ்சள் பாய்ந்து வெடித்திருந்தது, ரசம் சாதம் பிசைந்தால் உயிர் போகும்.

அவளுக்குப் பாட வேண்டும் என்று இருந்தது. நன்றாகப் பாடுவாளா என்றால் இல்லை, குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும், அவளுக்கே அது தெரியும். ஆனாலும் வேண்டும் என்று இருந்தது. சைக்கிள் கடையில் வேலை செய்த லூர்துவிடம் ஒரு கிடார் இருந்தது, சர்ச் பரணில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததைப் பங்குத் தந்தையிடம் கேட்டு வாங்கி வந்தது, ஆறு கம்பியில் நாலு மிச்சம். ரெக்கார்டிங் சென்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் ஏற்றிக் கொடுக்கும் ரபீக், எதையாவது அடித்துக்கொண்டே இருப்பான், மேஜையானாலும் சரி, அடுத்தவன் முதுகானாலும் சரி. மூன்று பேரும் முதலில் போனது குலோத்துங்கன் இன்னிசைக் குழுவுக்கு.

அந்த ஊரில் பாட்டு என்றால் குலோத்துங்கன்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் அவருடைய குழு வந்து சினிமாப் பாட்டை மேடையில் பாடும். கேட்டவர்கள் எழுந்துபோகும்போது "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்தது" என்பார்கள், அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்த ஊர் அகராதியில் கிடையாது. அவரும் அதற்காகவே உயிரைக் கொடுத்தார். ரெக்கார்டில் பாடகர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்குவார், ரெக்கார்டில் ஒரு வயலின் லேசாகப் பிந்தியிருந்தால் தன் ஆளையும் பிந்தி வாசிக்கச் சொல்வார். தமயந்தி தன் பாட்டைப் பாடிக் காட்டியதும் அவர் எந்தப் படம் என்று கேட்டார். எந்தப் படத்திலும் இல்லை என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

"படத்துல இல்லாத பாட்டை எப்படிம்மா பாடுறது? சரியா பாடினோமா இல்லையான்னு எதை வச்சுப் பாக்குறது?"

சரி, போகட்டும் என்று அவர்களே பதிந்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை, காலையில் முதலில் வந்து தொட்டி கழுவுகிறவள் என்பதால் சாவி தமயந்தியிடம் இருந்தது. சென்டரில் தூக்கிப் போட்டிருந்த ஒரு டேப் ரெக்கார்டரை ரபீக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான், கேசட் ஏதோ ஒரு கட்சிக்காரரின் மேடைப் பேச்சு, அழித்தாலும் யாரும் தேட மாட்டார்கள். ரபீக் காலி ஆசிட் கேனைக் கவிழ்த்துப் போட்டு அடித்தான், லூர்து தெரிந்த இரண்டே பிடிகளை மாற்றி மாற்றிப் பிடித்தான், தமயந்தி பாடினாள், அல்லது கத்தினாள், எது என்று சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கழுவுறேன் கழுவுறேன் போகல
சோத்துல வச்சா மணக்குது
எவளோ கழுத்துல மினுக்குது
எங்கையில மட்டும் எரியுது

இரண்டாம் சுற்றில் லூர்துவின் கம்பி ஒன்று அறுந்து அவன் மூக்கிலேயே அடித்தது, அதைப் பார்த்த ரபீக் அடிப்பதை விடாமலே சிரித்துவிட்டான். நிறுத்தப் போன லூர்துவைப் பார்த்து அவள் "நிக்காத, போ" என்று கத்தினாள், கத்திய வேகத்தில் மூடிய பட்டறையின் ஆசிட் நெடி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. இரண்டு முழு இருமல். மூன்றாவதைப் பாதியில் பிடித்து, அந்தப் பாதி இருமலின் மேலேயே அடுத்த வரியைத் தூக்கி ஏற்றிவிட்டாள். பாட்டு முடிந்த இடத்தில் பேச்சாளர் ஒன்றும் நடக்காதது போல, "என்பதை இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு" என்று தொடர்ந்தார்.

அந்தக் கேசட்டைத்தான் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செங்கமலம் அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள். வாளி உருள்கிற மாதிரி இருக்கே என்று சிரிக்க ஆரம்பித்த அக்கா, இருமல் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள், கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தாள், முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள், அதன் பிறகுதான் நிமிர்ந்து வளையல் காயும் கம்பியைப் பார்த்தாள்.

"மொதலாளி வந்தா நம்ம கதி இதுதான்டி" என்றாள், செம்பு வளையல்களைக் காட்டி.

முதலாளி வந்தார். தண்ணீரில் உப்பு, கரைசலில் கலப்படம், பெண்பிள்ளைகளின் கவனக்குறைவு என்று ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே, இந்தக் கண்ராவியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்களா என்று அவரே பொத்தானை அமுக்கினார். இந்தத் தடவை அவர் தலைச்சாயம் காதோரமாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. வாசல் பலகையின் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. 'கோதண்டம் கவரிங்' என்ற எழுத்துக்கு அடியிலிருந்து 'கோதண்டம் வைத்தியநாதன் கவரிங்' என்று பழைய எழுத்து வெளியே வந்தது. வைத்தியநாதன் அவருடைய கூட்டாளியாக இருந்தவர், இப்போது கடலூரில் யாரிடமோ சம்பளத்துக்கு இருக்கிறார், எப்படி அங்கே போனார் என்பதைத் தெரு நாகரிகமாக மறந்திருந்தது. முதலாளி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேசட்டை நிறுத்தச் சொன்னார், யாரையும் திட்டவில்லை.

ஆனால் வியாபாரி வியாபாரிதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பழைய நகை மூட்டை ஒன்றைப் பட்டறை நடுவில் கொட்டி, போடு உன் பாட்டை என்றார். ஆசிட் தொட்டியில் ஒரு பகல் முழுக்க முக்கி எடுக்க வேண்டியது ஒரு பாட்டில் முடிந்தது. அன்றைக்கே ஆசிட் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிச் சுவரோரம் சாய்த்தார்கள். கொஞ்ச நாளில் தமயந்தியின் விரல்களில் புதுத் தோல் வந்தது, செங்கமலம் அக்கா ஊறுகாயைக் கையால் எடுத்துத் தின்றுவிட்டு விரலை விரலைப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தத் தெரு அந்தப் பாட்டோடு குடித்தனம் நடத்தப் பழகியது. ஈரச் சாக்குக்குள் வைத்தால் நகை தப்பிக்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பாட்டுப் போடுவதற்கு முன்னால் குச்சி ஐஸ்காரரின் மணியை வாங்கி ஒரு ஆள் தெருக்கோடி வரை ஆட்டிக்கொண்டு போவதும், மணி கேட்டதும் பெண்கள் கழற்றுவதைக் கழற்றிச் சாக்கில் சுருட்டுவதும், சாயம் பூசிய ஆண்கள் அவசர வேலையாக அடுத்த தெருவுக்கு நடப்பதும் வழக்கமாயிற்று. பொங்கலுக்கு முன்னால் சுவர் சுரண்டக் கூலிக்கு ஆள் தேடாமல் கேசட்டை இரவல் கேட்டு வந்தார்கள், கார்த்திகைக்கு முன்னால் விளக்குகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு வந்தார்கள். தாசில்தார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தேக்குக் கட்டில் என்று மாமனார் கொடுத்ததற்கு வார்னிஷ் போனதும் அது பழப்பெட்டிப் பலகை என்று தெரிந்தது, ஆனால் அவர் அதிலேயேதான் படுத்தார், முன்னைவிட நன்றாகத் தூக்கம் வருவதாகச் சொன்னார். அடியில் இருந்தது எப்போதும் நல்லதாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அடியில் இருந்தது இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் உரிகிறது என்று யாரும் ரொம்ப நேரம் கேட்கவில்லை. ஆனால் உரிக்க ஒன்றுமே இல்லாதவர்களும் கேசட்டை இரவல் கேட்க ஆரம்பித்தபோது தமயந்திக்கு அது விசித்திரமாக இருந்தது. மாடு கட்டுகிறவர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார், அவர் வீட்டில் சாணிமெழுகிய தரையும் பூசாத சுவரும்தான், எதைப் போக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை பாப்பா, சும்மா கேட்கத்தான் என்றார். சினிமாப் பாட்டுக் கேட்டால் எங்கேயாவது போய்விடலாம், மலைக்கு, மழைக்கு, பெரிய வீட்டு மாடிக்கு. இந்தப் பாட்டைக் கேட்டால் எங்கேயும் போக முடியாது, இருக்கிற இடத்திலேயே இருந்தாக வேண்டும், அது ஏனோ சிலருக்கு வேண்டியிருந்தது. ரபீக் சென்டரில் அதைப் பிரதி எடுத்துப் பார்த்தான், கம்பி அறுந்ததையும் இருமலையும் வெட்டி ஒன்று, வெட்டாமல் ஒன்று, எக்கோ சேர்த்து ஒன்று. எந்தப் பிரதியும் ஒரு குங்குமப் பொட்டைக்கூட உதிர்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் கோதண்டம் முதலாளியின் பட்டறையில், ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன அந்த டேப் ரெக்கார்டர், கேசட்டைத் தின்றது. மூடியைத் திறந்தால் நாடா குடல் மாதிரி வெளியே வந்தது. செங்கமலம் அக்கா அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு சிக்கெடுத்தாள், ரபீக் வெட்டி ஒட்டிப் பார்த்தான், பாட்டில் பாதி காணாமல் போயிருந்தது. மீதிப் பாதி எதையும் உரிக்கவில்லை.

சுவரோரம் சாய்த்திருந்த ஆசிட் தொட்டியை அன்று சாயங்காலமே நிமிர்த்தி வைத்தார்கள்.

செங்கமலம் அக்காவின் விரல் மறுபடி வெடித்தபோது அவள் தமயந்தியிடம், போய் இன்னொரு தடவை பாடிட்டு வாடி என்றாள், கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா என்கிற மாதிரி. மூவரும் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குள் போய்ப் பாடினார்கள். கம்பி அறவில்லை. இருமல் வரவில்லை. எதுவும் உரியவில்லை. தெரு கூடி உட்கார்ந்து கேட்டது, ஒருவரை ஒருவர் பார்த்தது, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது: ரெக்கார்டு மாதிரி இல்லை. ரெக்கார்டு மாதிரி பாட வைக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தானே இருக்கிறார் என்று குலோத்துங்கனை அழைத்து வந்தார்கள்.

அவருக்கு அந்தக் கேசட் மனப்பாடம். எத்தனையோ சாயங்காலம் பட்டறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார், தலைச்சாயம் போய் நரை தெரிவதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல். இப்போது அவருக்குப் பிடிபட்டது, இதுவும் ஒரு ரெக்கார்டு, அப்படியானால் இதையும் சரியாகப் பாட முடியும். அவர் வீட்டு மாடி அறையில் ஒத்திகை நடந்தது. கிடார்க் கம்பியைப் பட்டறை அரத்தால் பாதி அறுத்துவைத்து, இரண்டாம் சுற்றில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினால் அறும் என்று லூர்துவுக்குக் கற்றுக்கொடுத்தார். ரபீக்கின் சிரிப்பை நாலு துண்டாகப் பிரித்து, முதல் துண்டு மூக்கிலிருந்து வர வேண்டும் என்றார். தமயந்தியிடம் மட்டும் ரொம்பப் பொறுமையாக இருந்தார்.

"இருமல் மூணு இல்லம்மா, ரெண்டரை. நீ மூணாவதை முழுசா இருமுற. பாதியில நிறுத்து, நிறுத்தின இடத்துல இருந்து வரியை எடு. அதுலதான் உயிர் இருக்கு."

அவள் அதைத்தான் அன்றைக்குச் செய்தாள், தெரியாமல் செய்தாள். இப்போது தெரிந்து செய்ய வரவில்லை, நாள் கணக்கில் வரவில்லை, பிறகு வந்தது. பதிந்தார்கள். தெருவுக்கே போட்டுக் காட்டினார்கள், மணி ஆட்டி, சாக்கு நனைத்து, ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய நகை மூட்டையைக் கொட்டி. கம்பி அதே இடத்தில் அறுந்தது, ரபீக் மூக்கிலிருந்து சிரித்தான், நிக்காத போ என்ற கத்தல், ரெண்டரை இருமல், முடிவில் 'தாய்மார்களுக்கு' என்று குலோத்துங்கனே குரல் மாற்றிப் பேசியிருந்தார். நகை மூட்டை அப்படியே மஞ்சளாகக் கிடந்தது.

ஆனால் தெரு கைதட்டியது. அப்படியே ரெக்கார்டு மாதிரி இருக்கு என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று எல்லாரும் சொன்னார்கள், சந்தோஷமாகத்தான் சொன்னார்கள், குலோத்துங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உரியவில்லையே என்று யாரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், ஈரச் சாக்கும் மணியும் இல்லாமல் கழுத்தில் போட்டதைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு கேட்க முடிகிற பாட்டு எல்லாருக்கும் ஒரு நிம்மதிதான். செங்கமலம் அக்கா மட்டும் எழுந்து போய்க் கையுறையைத் தேடினாள்.

குலோத்துங்கன் தமயந்தியைக் குழுவில் சேரச் சொன்னார். அவள் சேர்ந்தாள். யாராக இருந்தாலும் சேர்ந்திருப்பார்கள், பட்டறை வேண்டாம், தொட்டி வேண்டாம், பட்டுப் போலத் தெரியும் புடவை, மேடை, மைக். தான் மட்டும் தப்பித்து வந்ததாக ஒரு நினைப்பு ராத்திரி சோறு பிசையும்போது வரும், எரியாத விரலைப் பார்த்ததும் வரும், அவள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். நிகழ்ச்சியின் நடுவில், சோகப் பாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் இடையில், 'அந்தக் கேசட் பாட்டு' என்று அறிவிப்பார்கள். லூர்து அரம் போட்ட கம்பியோடு வருவான், கம்பி அறும், ரபீக் சிரிப்பான். இருமல் வரும் முன்பே சின்னப் பிள்ளைகள் முன் வரிசையில் எழுந்து நிற்பார்கள், அவள் இருமியதும் அவர்களும் கூடச் சேர்ந்து இருமிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சீர்காழியில் கேட்டார்கள், மாயவரத்தில் கேட்டார்கள், காட்டுமன்னார்கோயிலில் இரண்டு தடவை இருமச் சொன்னார்கள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாயில் சுருண்டு படுத்திருந்தாள், நெஞ்சு முழுக்கச் சளி, இருமல் வந்தது. இரண்டு முழுசாக வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. அவள் மூச்சைப் பிடித்து மீதிப் பாதியை வெளியே தள்ளப் பார்த்தாள், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருமல் வந்தது, மறுபடி ரெண்டரை. சளி உள்ளேயே நின்றது. அவள் அம்மா வெந்நீர் கொண்டுவந்து, என்னடி, இருமுறதை முழுசா இருமித் தொலையேன் என்றாள், தமயந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். வளையல் செம்பானதற்கு அவள் பயப்படவில்லை. இதற்குப் பயந்தாள். காய்ச்சல் போன பிறகும் கவனித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாலும் ரபீக்கின் சிரிப்பு மாதிரி நாலு துண்டாக வந்தது, லூர்துவைக் கூப்பிட வாயைத் திறந்தாலே "நிக்காத, போ" என்கிற அதே குரல் வந்து நின்றது. உடம்பு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மனப்பாடம் பண்ணிவிட்டது, வேறு எதுவும் அதற்கு ஞாபகம் இல்லை.

லூர்துவிடம் சொன்னாள். அவன் தன் மூக்கைத் தடவிக்காட்டினான், கம்பி பட்டுப் பட்டு ஒரே இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. விட்டுவிடலாமா என்று கேட்டான். விட்டால் அவளுக்குத் தொட்டி, அவனுக்குப் பஞ்சர். யோசிக்கலாம் என்றாள்.

யோசித்து முடிப்பதற்குள் கோதண்டம் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாலை வரவேற்புக்குக் குலோத்துங்கன் குழு, வேறு யார். மண்டபத்தில் கவரிங் தெரு மொத்தமும் உட்கார்ந்திருந்தது, கழுத்து நிறைய, கை நிறைய. முதலாளி தலைக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார். செங்கமலம் அக்கா மூன்றாம் வரிசையில், மடியில் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். மேடையிலிருந்து தமயந்திக்கு அந்த முந்தானை தெரிந்தது. இதோ எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கேசட் பாட்டு என்று அறிவிப்பு வந்தது, பிள்ளைகள் இப்போதே எழுந்து நின்றார்கள்.

கழுவுறேன் கழுவுறேன் போகல. பாடினாள். இரண்டாம் சுற்றில் கம்பி அறுந்தது, லூர்துவின் மூக்கில் அதே கோட்டில் பட்டது, ரபீக் முதல் துண்டு சிரிப்பை மூக்கிலிருந்து விட்டான், அவள் நிக்காத போ என்று கத்தினாள். பிறகு இருமல் வர வேண்டும். பிள்ளைகள் மூச்சை இழுத்துத் தயாரானார்கள். தொண்டையும் தயாராகத்தான் இருந்தது, தானாகத் திறந்தது, அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது. ரபீக் இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்த்தான், பிறகு அடிப்பதை விட்டான்.

தமயந்தி கையை எடுத்தாள்.

"அன்னைக்கு இருமல் வந்துச்சு, இருமினேன்" என்றாள் மைக்கில். "இன்னைக்கு வரல."

பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். ரெக்கார்டு மாதிரி பாடும்மா என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், முதலாளி எழுந்து மேடையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். நாளைக்குத் தனக்குக் குழு கிடையாது என்று தமயந்திக்குத் தெரிந்தது, பட்டறையில் தொட்டி காத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆனாலும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது கீழே இறங்கிப் போய்விட்டிருந்தது.

அப்போது செங்கமலம் அக்கா மூன்றாம் வரிசையில் இருந்து, பட்டறையில் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுகிற மாதிரியே, சாதாரணமாகச் சொன்னாள்:

"வரலேன்னா விடுடி. அப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

அப்புறம் என்ன ஆயிற்று என்று அந்தப் பாட்டைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. உரித்தார்கள், கைதட்டினார்கள், இருமச் சொன்னார்கள். தமயந்தி அக்காவின் முந்தானையைப் பார்த்தாள். கேசட்டில் இல்லாத ஒரு வரி வாயில் வந்தது, நல்ல வரியா என்று யோசிக்கவில்லை.

என் கையி ஆறிப் போச்சுக்கா
ஒங்கையி ஆறல ஏனக்கா

குரல் உடைந்து இரண்டாம் வரி தாறுமாறாகப் போனது. அவள் அதைத் திருத்தவில்லை. மறுபடி அதே வரியைப் பாடினாள், இந்தத் தடவை வேறு மாதிரி தாறுமாறாகப் போனது. லூர்து மூன்று கம்பியில் எதையோ தேடித் தடவினான். ரபீக் நாலு துண்டு இல்லாமல், ஒரே மூச்சில், பயந்துபோய்ச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தான்.

மேடை ஓரத்தில் கீபோர்டுக்கு முன்னால் குலோத்துங்கன் இரண்டு கைகளையும் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க அவர் விரல் வைத்த கட்டை எல்லாம் அதற்கு முன்னால் இன்னொருவர் விரல் வைத்தது. அவர் தமயந்தியின் பக்கம் சாய்ந்து, மைக்கில் விழாமல், சின்னப் பையன் மாதிரி கேட்டார்.

"அடுத்து என்னம்மா?"

"தெரியலண்ணே" என்றாள் தமயந்தி. "நீங்க எதையாச்சும் அமுக்குங்க."

அவர் அமுக்கினார். தப்பாக இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.